பதிவேட்டுச் சொல்லும் காட்சிப்பொருளும்: சென்னை அருங்காட்சியகத் தொகுப்புகளின் வரலாற்றிலிருந்து

சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தை நகரத்துப் பொதுமக்கள் நெடுங்காலம் 'செத்த காலேஜ்' என்றே வழங்கிவந்தனர். விலங்குகளை உயிரோடு வைத்திருந்த காட்சிச்சாலை 'உயிர்க் காலேஜ்' எனப்பட்டது. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றினும் இவ்வழக்கிற்கு வரலாற்று அடிப்படை உண்டு. 1851-இல் மருத்துவர் எட்வர்டு பால்ஃபரின் பொறுப்பில் தொடங்கப்பெற்ற இந்நிறுவனம் முதலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில் இயங்கியது. 1816-இல் தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்னும் கருத்தை எல்லிஸ் வெளியிட்டது அக்கல்லூரியின் சார்பாகத்தான் என்பது மொழியியலார் அறிந்ததே. 1854-இல் அருங்காட்சியகம் பாந்தியன் வளாகத்திற்கு மாறியது. எனினும் 'காலேஜ்' என்னும் பெயர் மக்கள் நாவில் தங்கிவிட்டது. அலுவலக ஏட்டில் எழுதப்பட்ட பெயர் ஒன்று, வழக்கில் நின்ற பெயர் மற்றொன்று. இவ்விரண்டில் எந்நிறுவனம் எங்கே தொடங்கியது என்னும் செய்தியைக் காத்துவைத்திருப்பது வழக்குப் பெயரே.

அருங்காட்சியகத்தின் தலையாய பணி பொருள்களைப் பேணுவது என்பர். ஆனால் அங்குள்ள ஒவ்வொரு பொருளும் இரு நிலைகளில் வாழ்கிறது. கல்லாகவோ செம்பாகவோ ஓலையாகவோ கண்ணுக்குத் தெரிவது ஒரு நிலை. அது எங்கே, யாரால், எந்த ஆண்டில் கிடைத்தது, என்ன பெயரால் வரவு வைக்கப்பட்டது என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருப்பது மற்றொரு நிலை. முதல் நிலையைப் பற்றி வேதியியலார் நிறைய எழுதியுள்ளனர். இரண்டாவது நிலை ஒரு மொழிப் பனுவல். அது பெரும்பாலும் மொழிபெயர்ப்பும்கூட. உள்ளூர் மக்கள் தெலுங்கிலோ தமிழிலோ சொன்னதை ஆங்கிலேய அதிகாரி தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார். அதனைப் பின்வந்தவர்கள் மீண்டும் தமிழாக்கினர். இப்பனுவலில் நேரும் பிழை பொருளின் உடலையும் தாக்கவல்லது என்பதற்குச் சென்னை அருங்காட்சியகத்தின் அமராவதித் தொகுப்பு தக்க சான்றாகும்.

தீபாலதின்னையிலிருந்து எழும்பூர் வரை

கிருஷ்ணை ஆற்றின் தென்கரையில், பழைய குண்டூர் மாவட்டத்தைச் சேர்ந்த அமராவதியில் இருந்த பௌத்தத் தூபியின் மேட்டை அவ்வூர் மக்கள் 'தீபாலதின்னை' என்று அழைத்தனர். விளக்குகளின் மேடு என்பது அதன் பொருள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாசிரெட்டி வேங்கடாத்திரி நாயுடு என்னும் ஜமீன்தார் தம் தலைநகரை அமராவதிக்கு மாற்றிக்கொண்டார். புதிய ஊருக்குக் கல் தேவைப்பட்டது. மேடு தோண்டப்பட்டது. 1797-இல் அங்குச் சென்ற காலின் மெக்கன்சி, தாம் கண்டதை 1807-இல் வெளியிட்டார். 1816 முதல் அவர் மீண்டும் மேற்கொண்ட அளவாய்வின்போது சிற்பங்களை அவருடைய பணியாளர்கள் வரைந்தனர். மேட்டின் நடுவில் அப்பொழுது குளம் ஒன்று வெட்டப்பட்டிருந்தது.

அக்கற்களில் சில கல்கத்தாவிற்குச் சென்றன. சில மசூலிப்பட்டினத்தில் சந்தைச் சதுக்கத்தை அழகுபடுத்தப் பயன்பட்டன. 1845-இல் வால்டர் எலியட் மேட்டின் ஒரு பகுதியை அகழ்ந்து பெருந்தொகையான கற்களைச் சென்னைக்கு அனுப்பினார். அவை பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் கிடந்தன. பால்ஃபர் பொறுப்பேற்ற பின்னரே அவற்றிற்கு ஒரு பட்டியல் வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. தமிழ்ச் சுவடிகளுக்கு விளக்க அட்டவணை தயாரித்தவராகத் தமிழுலகம் அறிந்த வில்லியம் டெய்லர் பாதிரியாரிடமே இப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவரது அறிக்கை 'எலியட் மார்பிள்கள்' என்னும் தலைப்பைத் தாங்கியது. 1858-இல் சென்னை அரசின் ஒளிப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் அக்கற்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டே 121 கற்கள் கப்பலேற்றப்பட்டு லண்டன் சென்றன.

அங்கு அவற்றிற்குக் கிடைத்த வரவேற்பைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. 1867-இல் பாரிசுப் பொருட்காட்சிக்காகப் படங்கள் திரட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஃபெர்கூசன் அக்கற்களை ஒரு வண்டிக்கொட்டகையில் கண்டெடுத்தார். 'கண்டெடுத்தார்' என்னும் சொல் இங்கு அணியாக வரவில்லை. அரசுச் செலவில் அனுப்பப்பட்டு, அரசுக் கட்டடத்தில் வைக்கப்பட்ட கற்கள் ஏழெட்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை ஆயின. பதிவு இல்லாத பொருள், பூட்டிய அறையில் இருந்தாலும் தொலைந்த பொருளே. ஃபெர்கூசன் 1868-இல் வெளியிட்ட பெருநூலுக்கு மரவழிபாடு, நாகவழிபாடு என்பவற்றைத் தலைப்பாக்கினார். ஒரு பௌத்த மகாசைத்தியத்தின் கற்கள் மேலை நாட்டார்க்கு மர நாக வழிபாட்டின் சான்றுகளாக அறிமுகமாயின. 1880-இல் அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் பொறுப்பிற்கு வந்தன.

பெயரில் நேர்ந்த இழப்பு

'எலியட் மார்பிள்கள்' என்னும் தொடரின் முதற்சொல்லை முதலில் காண்போம். தொகுத்தவர் பெயரைத் தொகுப்பிற்கு இடுவது அக்கால ஐரோப்பிய வழக்கம். பார்த்தெனானிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட சிற்பங்கள் எல்ஜின் பிரபுவின் பெயரால் அறியப்பட்டது இதற்கு முன்மாதிரி. இதனால் ஊரின் பெயர் பின்னுக்குச் சென்றது. தீபாலதின்னை என்னும் மேட்டுப் பெயரும், கல்வெட்டுகளில் வரும் தான்யகடகம் என்னும் நகர்ப் பெயரும், கொடையாளர்களே வழங்கிய மகாசேதிய என்னும் கட்டடப் பெயரும் பதிவுத் தாளில் இடம்பெறவில்லை. எலியட் தம் அகழ்வைப் பற்றி முறையான அறிக்கை எதனையும் வெளியிடவில்லை. ஆகவே அவர் எடுத்த கற்களைப் பொறுத்தவரை, எந்தக் கல் வேலியின் எப்பக்கத்தில் நின்றது என்பதை அறியத் தொகுப்பின் பெயர் சிறிதும் உதவவில்லை.

இரண்டாவது சொல் இன்னும் பெரிய தீங்கைச் செய்தது. அமராவதிக் கல் மார்பிள் அன்று. அது பல்நாட்டுப் பகுதியில் கிடைக்கும் வெளிறிய, சற்றே பசுமை கலந்த சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டு உருமாறினால்தான் மார்பிள் ஆகும். மென்மையான மேற்பரப்பும் வெண்மையும் கண்டு, கிரேக்கச் சிற்ப மரபில் ஊறிய கண்கள் அதனை மார்பிள் என்றன. தமிழில் எழுதியோர் அச்சொல்லைப் 'பளிங்கு' என்றும் 'சலவைக்கல்' என்றும் மொழிபெயர்த்தனர். மூலத்திலிருந்த பிழை மொழிபெயர்ப்பில் உறுதிப்பட்டுவிட்டது. ஐயம் தோன்றியிருக்க வேண்டிய இடத்தில் 'அமராவதிப் பளிங்குச் சிற்பம்' என்னும் இனிய தொடர் அமைந்துவிட்டது.

இங்கு ஒரு முரணைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. அமராவதி மேட்டின் கற்களுள் எண்ணற்றவை சுண்ணாம்புக் காளவாயில் இட்டு நீற்றப்பட்டன. கலை வரலாற்றாசிரியர்கள் இதனை அறியாமையின் அழிவு என்று எழுதுவர். அழிவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கல் இன்னதென்பதைச் சரியாக அறிந்திருந்தவர்கள் அக்காளவாய்க்காரர்களே. அறிந்தோர் எனப்பட்டவர்களின் ஏட்டில் அது தவறான பெயரால் நுழைந்தது.

பெயரில் நேர்ந்த தவற்றால் கல்லுக்கு என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். ஒரு கல்லின் பெயர் அதற்குரிய பாதுகாப்பு முறையை முன்கூட்டியே உணர்த்துவது. இவ்வகைச் சுண்ணாம்புக்கல் புளிப்புத்தன்மை கொண்ட எந்த நீர்மத்திலும் கரையும். சுவரின் ஈரத்தோடு ஏறிவரும் உப்புகளை ஏற்கும். ஈரம் ஆவியாகும்போது அவ்வுப்புகள் மேற்பரப்பின் அடியில் படிகமாகி, கல்லைச் செதில் செதிலாக உரிக்கும். 1877-இல் ராபர்ட் சூவெல்லும் 1881-82-இல் ஜேம்ஸ் பர்ஜெசும் அகழ்ந்தெடுத்த கற்கள் சென்னைக்கு வந்தபோது, ஜார்ஜ் பிடி கண்காணிப்பாளராக இருந்தார். சிற்பங்கள் சிமெண்டு கொண்டு அருங்காட்சியகச் சுவரில் பதிக்கப்பட்டன. பர்ஜெஸ் இதனை விரும்பவில்லை. பிடியின் நோக்கத்தைக் குறைகூறுவது நேர்மையாகாது. கற்கள் மீண்டும் வெயிலில் கிடக்கக்கூடாது, களவுபோகக்கூடாது என்பதே அவர் கருத்து. ஆயினும் சிமெண்டு தன்னுள் கரையும் உப்புகளைக் கொண்டது. கடற்காற்று வீசும் நகரத்தில், மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கோடையில் உலரும் சுவரில், நுண்துளையுள்ள கல்லை அதனோடு பிணைத்தது நோயை மருந்தாகக் கொடுத்தது போலாயிற்று. சுவரில் பதித்த கல்லின் பின்புறத்தைப் பார்க்கவும் இயலாது. பின்புறத்தில் முந்தைய காலச் சிற்பமோ எழுத்தோ இருப்பது அமராவதியில் அரிதன்று. பழைய பலகையைத் திருப்பிச் செதுக்கிப் பயன்படுத்துவது அங்கு வழக்கமாக இருந்தது.

கொடையாளர் தந்த பெயர்கள்

சிதறிய தொகுப்பை மீண்டும் ஒன்றாகக் காண்பதற்கு உதவியவை கற்கள் அல்ல, அவற்றைப் பற்றிய ஆவணங்களே. மெக்கன்சியின் ஓவியங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பின்னர்க் காணாமற்போன பல கற்களின் உருவம் அவற்றில் மட்டுமே எஞ்சியுள்ளது. டிரைப்பின் ஒளிப்படங்கள் கடற்பயணத்திற்கு முன் கற்கள் இருந்த நிலையைக் காட்டுகின்றன. 1942-இல் சி. சிவராமமூர்த்தி வெளியிட்ட 'சென்னை அரசு அருங்காட்சியகத்தின் அமராவதிச் சிற்பங்கள்' என்னும் ஆங்கில நூல் இவ்வகையில் தனிச்சிறப்புடையது. அவர் சிற்பங்களை நான்கு காலப் பகுதிகளாகப் பகுத்ததோடு நில்லாமல், அவற்றில் காணும் ஆடை, அணி, கலம், இசைக்கருவி ஆகியவற்றிற்கு வடமொழி இலக்கியத்தில் வழங்கிய பெயர்களைத் தேடி இணைத்தார். பொருளின் பெயரை அப்பொருள் வாழ்ந்த மொழிச் சூழலிலிருந்து பெற வேண்டும் என்னும் கொள்கை அந்நூல் முழுவதும் செயற்படக் காணலாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பகுதிக்கு 1954-இல் டக்ளஸ் பாரெட்டும் 1992-இல் ராபர்ட் நாக்சும் அட்டவணை அமைத்தனர்.

கற்களின்மேல் பிராகிருத மொழியில் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்ட கொடைக் குறிப்புகள் உள்ளன. அக்குறிப்புகளில் கொடையாளர்கள் தாம் அளித்த உறுப்பின் பெயரையும் சொல்லியுள்ளனர். வேலியின் தலைக்கல்லை அவர்கள் 'உனிஸ' என்றனர். வடமொழியில் உஷ்ணீஷம் எனப்படும் தலைப்பாகையே இது. தூண்களுக்கிடையே செருகப்பட்ட குறுக்குக்கல்லைச் 'சூசி', அதாவது ஊசி, என்றனர். நிறைகுடம் செதுக்கிய பலகை 'புணகடகபட' எனப்பட்டது. நாற்றிசையிலும் தூபியின் முன்னால் ஐவைந்தாக நின்ற தூண்கள் ஆயகத் தூண்கள். ஆங்கில அட்டவணைகளில் இவையெல்லாம் கட்டடக் கலைப் பொதுச்சொற்களாக மாறின. அவ்வாறு மாறியதில் பொருட்பிழை இல்லை. ஆனால் வேலி தலைப்பாகை அணிந்து நிற்பதாகவும், தூண்கள் ஊசியால் கோக்கப்பட்டதாகவும் கண்ட மனம் மறைந்துவிட்டது. தமிழாக்கம் செய்வோர் ஆங்கிலத்தின் வழியாகவே சென்று 'மேல் விளிம்புக்கல்' என்றும் 'குறுக்குச்சட்டம்' என்றும் எழுதுகின்றனர். மூலச்சொல் கல்லின்மேலேயே இருக்க, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பை நாடுவது எதற்கு?

அமராவதிக் கல்வெட்டுகளுள் ஒன்று தமிழாய்வாளர்க்கு நன்கு அறிமுகமானது. 'தமிள' என்னும் அடை பெற்ற கண்ஹன் என்பவனும், அவன் தம்பி சூளகண்ஹனும், உடன்பிறந்தாள் நாகாவும் மகாசேதியத்திற்குப் பலகை ஒன்று அளித்த செய்தியை அது கூறுகிறது. தமிழ் என்னும் சொல்லின் பழைய பிறமொழி வடிவங்களை ஆராய்வோர் தவறாது சுட்டும் சான்று இது. இவ்வொரு சொல் கிடைத்தது கல் காப்பாற்றப்பட்டதால் மட்டுமன்று. எழுத்துள்ள பகுதி தனியே படியெடுக்கப்பட்டு, 1912-இல் லூடர்ஸ் தொகுத்த பிராமிக் கல்வெட்டுப் பட்டியல் போன்றவற்றில் எண் பெற்றதாலும்தான். கல்வெட்டியலார் எண்ணும் அருங்காட்சியக எண்ணும் வெவ்வேறாக இருப்பதால், இரண்டையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாத இடத்தில் ஆய்வாளர் ஒரே கல்லை இரண்டாக எண்ணிவிடும் இடரும் உண்டு.

செப்புத் திருமேனிகள்

சென்னை அருங்காட்சியகத்தின் உலோகப் படிமங்களின் வரலாறு வேறு வகையானது. இவற்றுள் பெரும்பாலானவை 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் வழியே வந்தவை. உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ கிடைத்ததை ஊரார் தெரிவிக்க, மாவட்ட ஆட்சியர் அருங்காட்சியகத்திற்கு அனுப்புவார். ஆகவே ஊர்ப் பெயர் பதிவேட்டில் இருக்கும். ஆனால் எந்த எழுத்தில்? நெடில் குறில் வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும் காட்டாத ஆங்கில எழுத்தில். பாலூர், பாளூர், பாழூர் என்ற மூன்றும் அவ்வெழுத்தில் ஒன்றாகிவிடும். எழுத்து சரியாக அமைந்தாலும் வட்டத்தின் பெயர் வேண்டும். அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற நடராசர் திருவாலங்காட்டைச் சேர்ந்தவர். திருவள்ளூர்ப் பகுதித் திருவாலங்காட்டிலிருந்து வந்தவர் அவர். அதே பெயரில் குத்தாலத்தை அடுத்தும் ஓர் ஊர் உண்டு என்பதை அறியாதவர் தொண்டைநாட்டுப் படிமத்தைச் சோழநாட்டு நடையோடு ஒப்பிட்டு வீண் ஆராய்ச்சி செய்யக்கூடும். களவுபோன படிமங்களை அயல்நாட்டிலிருந்து மீட்கும் வழக்குகளிலும் ஊர்ப் பெயரும் பழைய ஒளிப்படமுமே முதற்சான்றாக நிற்கின்றன.

மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த செம்புக் கலவையில் குளோரைடு உப்புகள் தங்கும். காற்றின் ஈரம் பட்டதும் அவை வெளிர்பச்சைப் பொடியாக அரித்துப் பரவும். இந்நோயை எதிர்கொள்ள 1930-இல் அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. அதன் பொறுப்பை ஏற்ற எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் படிமங்களைத் தூய்மை செய்தார். தென்னிந்தியச் சுவரோவியங்களின் பூச்சு முறைகளையும் ஆராய்ந்தார். பிற்காலப் பாதுகாப்பியலார் மின்பகுப்பு முறையைப் பயன்படுத்தத் தயங்குவர். அம்முறையில் அரிப்போடு பழமையின் படலமும் நீங்கிவிடும். புதைந்திருந்த மண்ணின் சான்றும் போய்விடும் என்பது அவர்கள் வாதம். அன்றைய நிலையில் படிமம் பொடியாகாமல் நின்றதே பெரிது. என்ன செய்யப்பட்டது என்பது எழுதிவைக்கப்பட்டிருந்தால்தான் இன்று ஒருவர் அதனை எடைபோட முடியும்.

இப்படிமங்களைத் தமிழர் 'ஐம்பொன்' என்பர். ஆங்கிலப் பதிவேடு 'பிரான்சு' என்னும். வேதியியல் ஆய்வோ பெரும்பகுதி செம்பு, உடன் வெள்ளீயமும் காரீயமும் என்று காட்டும். பொன்னும் வெள்ளியும் இருப்பின் மிகச் சிறு அளவே. ஐம்பொன் என்பது வழிபாட்டுச் சொல், கலவையின் அளவைக் கூறும் சொல் அன்று. இதனை உணராமல் பொருட்பெயர்க் கட்டத்தில் 'ஐம்பொன்' என்று எழுதுவதும் மார்பிள் என்று எழுதியதும் ஒரே வகைத் தவறுதான். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள் இவற்றைத் தெளிவாகச் 'செப்புத் திருமேனி' என்கின்றன.

அக்கல்வெட்டுகள் அருங்காட்சியகப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பயில வேண்டியவை. அரசனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் எழுந்தருளுவித்த திருமேனிகளும் நகைகளும் கலங்களும் அங்கு வரவு வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு திருமேனிக்கும் பாதம் முதல் கேசம் வரை உயரம் முழத்திலும் விரலிலும் தரப்படுகிறது. கைகள் எத்தனை, உள்ளே நிறைந்த 'கனம்' ஆக வார்த்ததா, உள்ளீடற்ற 'பொள்ளல்' ஆக வார்த்ததா என்பன சொல்லப்படுகின்றன. நகைகளை நிறுத்த எடைக்கல்லின் பெயரும் உண்டு. கோத்த சரடு நீக்கி நிறுத்தார்களா, உள்ளிட்ட அரக்கையும் சேர்த்து நிறுத்தார்களா என்பதும் விடப்படவில்லை. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, சப்பத்தி, சிவந்த நீர் எனத் தரம் பிரிக்கப்படுகின்றன. வைரங்களில் முறிந்தவை எவை, செம்புள்ளியாகிய இரத்தபிந்துவும் கரும்புள்ளியாகிய காகபிந்துவும் உடையவை எவை, வெந்தாற்போன்ற மாசு உடையவை எவை என்பதும் குறிக்கப்படுகிறது. பொருளை ஒப்படைக்கும்போது அதன் குறைகளையும் சேர்த்து எழுதுவது பிற்காலத்தில் குறை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதை அறிவதற்காக. இன்றைய அருங்காட்சியகங்கள் ஒரு பொருளைக் கடன் கொடுக்கும்போது தயாரிக்கும் நிலை அறிக்கையின் நோக்கமும் இதுவே. பதினோராம் நூற்றாண்டின் கோயில் கணக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வண்டிக்கொட்டகைக் காவலரைவிடத் தொழில் அறிந்தவர் என்பதில் ஐயமில்லை. அக்கல்வெட்டுகள் சொன்ன திருமேனிகளில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. ஆயினும் மறைந்தவற்றின் உயரம் தெரியும், கைகளின் எண்ணிக்கை தெரியும். அமராவதியின் காணாமற்போன கற்களில் பெரும்பாலானவற்றிற்கு இவ்வளவும் தெரியாது.

கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இக்கல்வெட்டுச் சொற்களை உரிய அளவில் எடுத்தாளவில்லை. 'உள்ளீடற்ற வார்ப்பு' என்று நீட்டி எழுதும் இடத்தில் 'பொள்ளல்' ஒரே சொல்லாய் நிற்கிறது. பழஞ்சொல் என்பதால் மட்டும் அது தக்கதாகிவிடாது என்பது உண்மை. ஆனால் இச்சொற்கள் இலக்கிய அலங்காரமாகப் பிறந்தவை அல்ல. பொருளைக் கையில் வைத்து, நிறுத்து, அளந்து, ஒப்பம் பெற்ற தொழிலில் பிறந்தவை.

எதிர்த்திசையில் நேர்ந்ததற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜெர்மானியரான யாகோர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழ்ந்தெடுத்தவை சென்னைக்கு வந்தன. 1915-இல் வெளியான அட்டவணையில் மெல்லிய பொன் தகடுகளை ரீ மகுடப்பட்டை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறித்தார். தமிழில் அது 'நெற்றிப்பட்டம்' ஆயிற்று. பட்டம் என்றதும் அரசும் தலைமையும் தமிழ் மனத்தில் வந்துவிடுகின்றன. தகட்டின் வடிவத்தை மட்டும் சொல்லும் சொல்லாக இருந்திருந்தால் இவ்வளவு கருத்து அதன்மேல் ஏறியிராது. ஆனால் 'முதுமக்கள் தாழி' என்னும் தமிழ்ச் சொல் இலக்கியத்திலும் வழக்கிலும் ஊன்றியிருந்ததால், எந்த ஆங்கிலச் சொல்லாலும் அதனை அசைக்க முடியவில்லை.

பாதுகாப்பு என்னும் சொல்

இத்துறையின் தலைச்சொல்லே தமிழில் தெளிவின்றி இருப்பது கருதத்தக்கது. களவுபோகாமல் காவல் காப்பதும் பாதுகாப்பு. பூச்சி அரிக்காமல், உப்புப் பூக்காமல் பேணுவதும் பாதுகாப்பு. உடைந்ததை ஒட்டி முழுமையாக்குவதும் பாதுகாப்பு எனப்படுகிறது. அரசு ஆணை ஒன்றில் பாதுகாப்பிற்கென்று நிதி ஒதுக்கப்பட்டால் அது காவலாளுக்கா, காய்ச்சிவடித்த நீருக்கா என்பது சொல்லிலிருந்து விளங்காது. காவல், பேணல், செப்பனிடல் என்று மூன்றையும் பிரித்து வழங்குவது இயலாததன்று. கோயில் மரபில் இதற்கு மாறான மற்றொரு கருத்தும் உண்டு. 'திருப்பணி', 'சீர்ணோத்தாரணம்' ஆகிய சொற்கள் பழையதைப் புதியதாக்குவதைக் குறிப்பன. ஆகமப்படி பின்னமுற்ற திருமேனி வழிபாட்டிற்கு உரியதன்று. அருங்காட்சியகத்திலோ பின்னமும் ஒரு சான்று. இவ்விரு கருத்துகளும் ஒரே சொல்லின்கீழ்த் தங்கும்போது, கோயில் அலுவலரும் காப்பாட்சியரும் ஒரே தமிழ்த் தொடரைப் படித்து வெவ்வேறு செயல்களில் இறங்கிவிடுவர்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம் 1976-இல் நடைமுறைக்கு வந்தபின், தனியாரிடமும் கோயில்களிலும் உள்ள தொல்பொருள்களை ஒளிப்படத்துடன் பதிவு செய்யும் முறை நாடெங்கும் ஏற்பட்டது. நடுவண் அரசின் பண்பாட்டு அமைச்சகம் தன் பொறுப்பிலுள்ள அருங்காட்சியகங்களுக்காகப் புனேயிலுள்ள உயர்கணினி வளர்ச்சி மையத்தின் வழியே 'ஜதன்' என்னும் கணினிப் பதிவு முறையை உருவாக்கி, 2014 முதல் நடைமுறைப்படுத்தியது. கணினிப் பதிவில் சொல்லின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பழைய பதிவேட்டில் 'மார்பிள்' என்றிருந்ததைக் காப்பாட்சியர் ஒருவர் நேரில் பார்த்துத் தம் அறிவால் திருத்திப் படித்துக்கொள்வார். கணினி எழுத்தை மட்டுமே பார்க்கும். சுண்ணாம்புக்கல் என்று தேடுவோர்க்கு மார்பிள் என்று பதிந்த கல் அகப்படாது. பளிங்கு என்று தேடினால் தாஜ்மகாலின் கல்லும் அமராவதியின் கல்லும் ஒரே வரிசையில் வந்து நிற்கும்.

இதற்குத் தீர்வு பழைய சொல்லை அழித்துப் புதிய சொல்லை எழுதுவதன்று. டெய்லரின் அறிக்கையையும் பர்ஜெசின் நூலையும் சிவராமமூர்த்தியின் அட்டவணையையும் ஒப்பிட்டு ஒரு கல்லை அடையாளம் காண்போர்க்கு, அவரவர் அக்கல்லை என்ன பெயரால் அழைத்தார் என்பதே வழிகாட்டி. 'மார்பிள்' என்பதை நீக்கிவிட்டால் 1850களின் ஆவணங்களோடு அக்கல்லுக்கு இருந்த தொடர்பு அறுந்துபோகும். எனவே ஒவ்வொரு பெயரும், அதனை இட்டவர் பெயரோடும் ஆண்டோடும், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க வேண்டும். மேலே கல்லில் பொறித்த 'உனிஸ'. அடுத்து மெக்கன்சியின் ஓவிய எண். அதன்பின் டெய்லரின் மார்பிள். பின்னர்ச் சிவராமமூர்த்தியின் காலப் பகுப்பு. இறுதியாகக் கல்லியலார் தந்த சுண்ணாம்புக்கல் என்னும் பெயர். அவற்றிற்குரிய தமிழ்ச் சொற்களைத் தெரிவு செய்வோர் ஆங்கிலப் பதிவேட்டை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு அமர்ந்தால் போதாது. கல்வெட்டின் மசிப்படியும் அவர்கள் மேசையில் இருத்தல் வேண்டும்.